நிற்கிற வண்டியும் பேட்டரியைத் தின்னும்



இந்த மாதம் கார் பேட்டரியைப் பற்றி எழுதப் போகிறோம் என்று சொன்னதும், "இது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குக்கா?" என்று சிலர் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் எத்தனை வீட்டு வாசலில் வண்டி சும்மா நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கடன் வாங்கி எடுத்த வாடகைக் கார், சவாரி இல்லாமல் நிற்கிறது. மாம்பழ சீசனில் ஓடிய லோடு வண்டி, மழை மாதங்களில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. வெளிநாட்டுக்கோ பட்டாளத்துக்கோ போன மகனின் கார், அவன் லீவில் வரும்வரை நிற்கிறது.

வண்டி ஓடும்போது ஓட்டுகிறவர் பார்த்துக் கொள்வார். நிற்கும்போது பக்கத்தில் இருப்பது நாம்தான். பேட்டரி போய்விட்டால் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் தேடுவதும் பெரும்பாலும் நாம்தான். அதனால் இது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். வரவு செலவு எழுதத் தெரிந்த குழுப் பெண்ணுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஒரு ராத்திரியில் நடந்தது

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் கொரோனா ஊரடங்கு வந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். எங்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு சகோதரியின் வீட்டில் வாடகைக்கு ஓடிய சின்ன கார் ஒன்று இருந்தது. மகன்தான் ஓட்டுவார். சவாரி நின்றுபோனதால் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி விட்டார்கள்.

வண்டி கெட்டுவிடக் கூடாது என்று அந்தத் தம்பி தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து வைப்பார். இப்படியே இரண்டு மாதம் போனது. ஒருநாள் ராத்திரி மருமகளுக்கு வலி எடுத்து விட்டது. அவசரமாகச் சாவியைத் திருப்பினால் 'கட் கட்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. விளக்கு மங்கலாக எரிந்து அணைந்தது. தள்ளிப் பார்க்கவும் ஆள் இல்லை.

நல்லவேளையாக 108-க்கு போன் செய்து, வண்டி வந்து, தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள். ஆனால் அந்த அரை மணி நேரம் பட்ட பாட்டை அந்தச் சகோதரி இன்றும் சொல்வார். மறுநாள் மெக்கானிக்கிடம் அவர் கேட்டது இதுதான்: "தினமும்தான தம்பி ஸ்டார்ட் பண்ணி விட்டோம். அப்புறம் எப்படிப் போச்சு?"

மெக்கானிக் சொன்னார்: "தினமும் ஸ்டார்ட் பண்ணுனீங்க பெரியம்மா. ஆனா ஒருநாளும் ஓட்டலையே."

இந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

பேட்டரியும் ஒரு பாஸ்புக்தான்

சின்ன காரின் பேட்டரி மேல் 35 என்று எழுதியிருக்கும். இதை ஆம்பியர் அவர் என்பார்கள். பேட்டரியின் கணக்கில் 35 ரூபாய் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஆல்டர்னேட்டர் இந்தக் கணக்கில் பணம் போடுகிறது. நம் ஊர் டிரைவர்கள் இதை டைனமோ என்றும் சொல்வார்கள். வண்டி நின்றால் வரவு நின்று விடும். செலவு மட்டும் நிற்காது.

வண்டியைப் பூட்டிச் சாவியை எடுத்த பிறகும் எப்படிச் செலவாகிறது என்று கேட்கலாம். உள்ளே கடிகாரம், ரிமோட் பூட்டு, திருட்டு அலாரம், இன்ஜினை நடத்தும் சிறு கம்ப்யூட்டர் எல்லாம் விழித்துக் கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள காரிலும் இவை எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். 30 என்று வைத்துக் கொண்டால், 24 மணி நேரத்தில் முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகப் போகும்.

இப்போது அந்தத் தம்பி செய்ததைக் கணக்கு எழுதிப் பார்ப்போம்.

ஒருநாள் முழுவதும் நின்றதற்குச் செலவு: சுமார் 70 காசு.
காலையில் ஸ்டார்ட் செய்ததற்குச் செலவு: சுமார் 10 காசு.
ஐந்து நிமிடம் ஓடியதில் வரவு: சுமார் 40 காசு.

ஆக, தினம் 40 காசு நஷ்டம். 60 நாளில் 24 ரூபாய் கரைந்து விட்டது. 35-இல் மிச்சம் 11 தான். பாட்டுக் கேட்டது, வெயிலில் தானாகக் குறைந்தது எல்லாம் இதற்கு மேல். வண்டிக்கு வண்டி இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் போக்கு இதுதான். நாற்பது காசு என்று நாம் அலட்சியமாக விடுவது இரண்டு மாதத்தில் கணக்கையே காலி செய்து விடுகிறது.

விளக்கை அணைக்க மறந்தால் நிலைமை இன்னும் மோசம். கூரையில் எரியும் சின்ன 5 வாட் பல்பு ஒருநாளில் 10 ரூபாய் தின்னும். இரண்டாம் நாளே வண்டி எடுப்பது சந்தேகம். முன்விளக்கு இரண்டும் எரிந்தால் மூன்று, நான்கு மணி நேரத்தில் முழுவதும் காலி.

உள்ளே என்ன நடக்கிறது?

பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொரு அறையிலும் காரீயத் தகடுகள், நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கி நிற்கும். ஓர் அறை சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்து 12.6 வோல்ட். 1859-இல் பிரான்சு நாட்டுக்காரரான காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த முறை இது. இன்றைய கார்களிலும் பெரும்பாலும் இதுதான்.

கரண்டு வெளியே போகப் போக, தகடுகளின் மேல் காரீய சல்பேட் என்ற உப்பு படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து விடும். காலியாகவே பல வாரம் விட்டால் உப்பு இறுகிக் கல்லாகி விடும். பாத்திரத்தில் ஒட்டிய சோற்றை உடனே கழுவினால் போய்விடும், நாலு நாள் காயவிட்டால் சுரண்டினாலும் வராது அல்லவா? அதே மாதிரிதான். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. ஆகவே பேட்டரி காலியாவதைவிட, காலியாகவே கிடப்பதுதான் அதைக் கெடுக்கிறது.

இன்னொன்று, வெயில். எதிலும் இணைக்காமல் தனியாக வைத்த பேட்டரியும் மாதத்துக்கு நூற்றுக்கு நாலு, ஐந்து வீதம் தானாகவே குறையும். சூடு 10 டிகிரி கூடினால் இந்தக் குறைவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நிழல் நல்லது.

எத்தனை நாள் நிற்கப் போகிறது?

வண்டியை நிறுத்தும்போதே வீட்டில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதிலுக்குத் தகுந்தபடி செய்ய வேண்டியது மாறும்.

இரண்டு வாரத்துக்குள் என்றால்: கதவு, டிக்கி எல்லாம் சரியாக மூடியிருக்கிறதா, ஏதாவது விளக்கு எரிகிறதா என்று இருட்டிய பிறகு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். போன் சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள். இது போதும்.

இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை என்றால்: வாரம் ஒருமுறை வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்தி வைத்தபடி உறுமவிடுவது கணக்கில் சேராது. அரை மணி முதல் முக்கால் மணி நேரமாவது ரோட்டில் ஓட வேண்டும். ராஜபாளையத்தில் இருப்பவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்த் திரும்பினால் சரியாக இருக்கும். அங்கே இருப்பவர் இங்கே வந்து போகலாம். ஏசியும் முன்விளக்கும் போடாமல் ஓட்டினால் வரவு கூடும். டயருக்கும் பிரேக்குக்கும்கூட இது நல்லது.

இரண்டு மாதத்துக்கு மேல், அல்லது ஓட்ட ஆளே இல்லை என்றால்: முதலில் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, மைனஸ் வயரைக் கழற்றி வைத்து விடுங்கள். கடிகாரமும் அலாரமும் எடுக்கும் செலவு அதோடு நின்றுவிடும். தானாகக் குறைவது மட்டும் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்தோ வீட்டிலோ சார்ஜ் ஏற்றினால் போதும். நிரம்பியதும் தானாகவே குறைத்துக் கொள்ளும் ஆட்டோமேட்டிக் சார்ஜரும் கிடைக்கிறது. குழுவில் நாலைந்து வீட்டில் வண்டி இருந்தால் ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்துக் கொள்ளலாம்.

கரண்டு பில்லுக்குப் பயப்பட வேண்டாம். காலியான 35 ஆம்பியர் பேட்டரியை நிரப்ப ஒரு யூனிட்கூட ஆகாது. ஆனால் அவசரப்படக் கூடாது. பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று, மூன்றரை ஆம்பியரில், ராத்திரி முழுவதும் மெதுவாக ஏற்றுவதே நல்லது. வேகமாக ஏற்றினால் சூடாகித் தகடு கெடும்.

வயரைக் கழற்றும்போது

இதை நாமே செய்யலாம். ஆனால் முறை தெரிந்து செய்ய வேண்டும். முதல் தடவை மெக்கானிக்கையோ ஆட்டோ எலக்ட்ரீஷியனையோ பக்கத்தில் வைத்துக் கற்றுக் கொள்ளுங்கள்.

1. கை வளையல், மோதிரம், தொங்கும் சங்கிலி இவற்றைக் கழற்றி விடுங்கள், அல்லது உள்ளே சொருகிக் கொள்ளுங்கள். இரும்போ தங்கமோ இரண்டு முனையையும் தொட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும்.

2. சாவி வெளியே இருக்கட்டும். பேட்டரி கழன்ற பிறகு ரிமோட் வேலை செய்யாது. கதவைச் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும்.

3. கழற்றும்போது முதலில் மைனஸ். மாட்டும்போது கடைசியில் மைனஸ். இதை மட்டும் மறக்கவே கூடாது. வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. முதலில் பிளஸைக் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும்.

4. கழற்றிய வயர் திரும்பவும் முனையைத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள்.

5. முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சூடான தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். மூடிகளின் ஓட்டை வழியே சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. காய்ந்ததும், வயரை மாட்டி இறுக்கிய பிறகு, மேலே வாஸ்லின் தடவுங்கள். பூப்பு உடனே வராது.

மூடி உள்ள பேட்டரியாக இருந்தால் மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டம் பாருங்கள். தகடு வெளியே தெரியக் கூடாது. குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ கூடாது. அதில் உள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். மூடி இல்லாத 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' பேட்டரிக்கு இந்த வேலை கிடையாது.

இதில் விளையாட்டு வேண்டாம்

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடித்து வெடிக்கக் கூடியது. அதனால் சமையல்கட்டில், சாமி விளக்கு எரியும் இடத்தில், பீடி குடிக்கும் திண்ணையில் சார்ஜ் போடக் கூடாது. காற்றோட்டமான வராந்தாவில் போடுங்கள். சார்ஜர் கிளிப்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

உள்ளே இருப்பது ஆசிட். கையில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கதவு அடைத்த ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருவது போல மயக்கி உயிரையே எடுத்து விடும்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால்

சாவியை விடாமல் திருப்பிக் கொண்டே இருக்காதீர்கள். ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் அரை நிமிடம் விடுங்கள். இரண்டு மூன்று தடவையில் வரவில்லை என்றால் விட்டு விடுங்கள்.

வேறு காரின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு எடுக்கலாம். இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். பல லாரி, பஸ்களில் 24 வோல்ட் இருக்கும். அதிலிருந்து எடுத்தால் காரின் கம்ப்யூட்டர் கருகிவிடும். சிவப்புக் கேபிளை முதலில் நம் பேட்டரியின் பிளஸ்ஸிலும், பிறகு அந்தப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கேபிளை அந்தப் பேட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையை நம் வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்ட வேண்டும். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

வண்டி எடுத்துவிட்டதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். அடியோடு காலியான பேட்டரியை ஓட்டியே நிரப்புவது கஷ்டம். வெளியே கழற்றி மெதுவாக சார்ஜ் போடுவதே சரி.

சகோதரிகள் கேட்ட கேள்விகள்

பேட்டரியை சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்கிறார்களே?
இது பழைய காலத்துப் பேச்சு. அந்த நாளில் மரப்பெட்டி, ரப்பர் பெட்டியில் பேட்டரி வந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. ஆனாலும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல், கால் தட்டாமல், ஒரு பலகை மேல் வைப்பது நல்லதுதான்.

பலம் குறைந்தால் ஆசிட் ஊற்றலாமா?
கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான். ஆசிட் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஊற்றினால் தகடு அரித்துவிடும்.

பேட்டரி நல்லா இருக்கா என்று நாமே பார்க்க முடியுமா?
முடியும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் மீட்டர் போதும். வண்டி நின்று சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.6 காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி, உடனே சார்ஜ் போடுங்கள். 12-க்குக் கீழே என்றால் ஆபத்து.

ஓட்டியும் சார்ஜ் போட்டும் இரண்டே நாளில் இறங்கிவிடுகிறதே?
எங்கேயோ கசிவு இருக்கிறது. பிறகு மாட்டிய அலாரம், பாட்டு செட், எலி கடித்த வயர் இப்படி ஏதாவது இருக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து ஒவ்வொரு ஃப்யூஸாகக் கழற்றிக் கண்டுபிடிப்பார். அதைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கினால் அதுவும் போகும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். இது விஷம். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். காசுக்காக வீட்டிலோ கொல்லையிலோ உடைக்க யாரையும் விடாதீர்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக் கொள்ளுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு.

முடிவாக

அந்தச் சகோதரி இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? வாரக் கூட்டம் நடக்கும் நாளன்று காலையில் மகனிடம் கேட்பார்: "வண்டி இந்த வாரம் ஓடுச்சாய்யா?" ஓடவில்லை என்றால் அன்றைக்கு ஏதாவது ஒரு வேலையைச் சொல்லி ரோட்டுக்கு அனுப்பி விடுவார். ஒரு சின்ன நோட்டில் தேதியும், மீட்டர் காட்டிய அளவும் எழுதி வைக்கிறார். நம் குழு நோட்டு எழுதிப் பழகிய கைதானே!

சந்தா கட்டாமல் உள்கடன் மட்டும் எடுத்துக் கொண்டே இருந்தால் எந்தக் குழுவும் நிலைக்காது என்பது நமக்குத் தெரியும். பேட்டரிக்கும் அதே சட்டம்தான். அடுத்த கூட்டத்தில் இதை ஒருவர் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். யார் வீட்டில் வண்டி சும்மா நிற்கிறது என்று விசாரியுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆத்திர அவசரம் என்று சாவியைத் திருப்பும்போது, நம் வீட்டு வண்டி முதல் தடவையிலேயே எடுக்க வேண்டும்.